கொருக்குப்பேட்டை கேட்டில் எண்ணியது

சரக்கு ரயில் வருகிறது.
கேட் இறங்கிவிட்டது.
ஷேர் ஆட்டோவில் பாதி என் மடிமேல்
உட்கார்ந்திருக்கும் பர்வீனின்
மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எண்ணுகிறேன்:
எழுபத்திரண்டு, எழுபத்துமூன்று.
"பேசாதடி, கணக்கு தப்புது."
டிரைவர் திரும்பி
"எனக்கும் பாரும்மா" என்று கையை நீட்டினார்.
தொண்ணூற்றாறு.
"நல்லாயிருக்கு அண்ணே" என்றேன்.
அதற்குள் ஐம்பத்தெட்டுப் பெட்டிகள் போயிருந்தன.

ராயபுரத்தில் சமுதாயக் கல்லூரி,
மாடியில் இரண்டு அறை.
எனக்கு முப்பத்துமூன்று வயது.
பக்கத்து நாற்காலிக்குப் பதினெட்டு;
முதல் நாள் என்னை மேடம் என்று நினைத்து
எழுந்து நின்றாள்.

காலை நாலிலிருந்து ஒன்பதுவரை
காசிமேட்டு ஷெட்டில் இறால் உரிப்பேன்.
தலையைக் கிள்ளி, ஓட்டைக் கழற்றி, முதுகைக் கீறி
அந்தக் கருப்பு நூலை அறுந்துபோகாமல் உருவ வேண்டும்.
ஐஸ் தண்ணீரில் விரல் மரத்துப்போகும்வரை
முணுமுணுப்பேன்:
பி.டி. ரெண்டு வேளை, டி.டி.எஸ். மூணு வேளை,
எஸ்.ஓ.எஸ். என்றால் தேவைப்பட்டால் மட்டும்.
எதிரே உரிக்கும் அஞ்சலை கேட்டாள்:
"நம்ம கூலிய அதுலதான் எழுதியிருக்காங்களா?"

பத்து மணிக்குச் சீருடை.
எலுமிச்சம்பழம் தேய்த்துக் கழுவினாலும்
விரலிடுக்கில் ஷெட் மிச்சமிருக்கும்.
பாடம் எடுக்க வந்தவர் ஜன்னலைத் திறக்கச் சொன்னார்.
யாரும் என்னைப் பார்க்கவில்லை.
பார்க்காததுதான் தெரிந்தது.

பொம்மைக்கு ஒரு கை கிடையாது.
குமரேசன் என்று பெயர் வைத்தோம்.
அவனைப் புரட்டித் துடைத்து
விரிப்பின் மூலையை நாற்பத்தைந்து டிகிரியில் மடக்கி
மெத்தைக்கடியில் செருக வேண்டும்.
நாலு பேர் படுக்கும் என் வீட்டுப் பாயில்
எந்த மூலையைச் செருக?

ஊசி முதலில் ஆரஞ்சுக்கு.
பிறகு ஒருவருக்கொருவர்.
பர்வீனின் முழங்கை மடிப்பில்
கண்ணுக்குத் தெரியாததை
என் விரல் கண்டுகொண்டது.
பதினோரு வருஷம் உருவி எறிந்த விரல்.
இதை மட்டும் வெளியே எடுக்கக் கூடாது.

தடைக்காலம் வந்தது.
அறுபத்தோரு நாள் படகும் இல்லை, ஷெட்டும் இல்லை.
தள்ளுபடியில் சீட்டெடுத்து ஃபீஸ் கட்டினேன்.
வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை.
ஒன்றும் சொல்லாததும் ஓர் உதவி,
அதையும் கணக்கில் எழுதுகிறேன்.

வேலை பழைய வண்ணாரப்பேட்டையில்.
மூன்றாம் மாடி நர்சிங் ஹோம்,
லிஃப்டில் அழுக்குத் துணிமூட்டை மட்டும் போகும்.
நைட் டூட்டி, எட்டாயிரத்து ஐநூறு.
பெயர் அட்டையில் சகாயராணி
'சகாராணி' ஆகியிருந்தாள்.
திருத்த நூற்றைம்பது கேட்டார்கள்.
ஒரு ய இல்லாமலும் சம்பளம் வரும் என்று விட்டுவிட்டேன்.

நாலாம் இரவு, ஏழாம் கட்டில்.
ஹார்பரில் மூட்டை தூக்கிய கை.
ஒரு காலத்தில் கயிறு கயிறாய்ப் புடைத்திருக்கும்;
இப்போது ஒன்றுகூட எழவில்லை.
முதல் குத்து தப்பியது.
கெட்ட வார்த்தை வந்தது,
எங்கள் தெருவில் புழங்கும் அதே வார்த்தை,
அதனால் கோபம் வரவில்லை.
கையுறையைக் கழற்றி
கண்ணை மூடிக்கொண்டு தேடினேன்.
பிறகு புதுக் கையுறை.
ஊசியின் பின்னால் ஒரு சொட்டுச் சிவப்பு.

டேப் ஒட்டும்போது மூக்கை உறிஞ்சினார்.
"காசிமேடா?"
கை நின்றது. ஷெட்டை விட்டு மூன்று வாரமாயிற்று.
"ஆமா."
"வஞ்சிரம் கிலோ என்ன போவுது?"
"தொள்ளாயிரம்."
"பொய் சொல்ற" என்று கண்ணை மூடிக்கொண்டார்.
பொய்தான்.
தாளில் எழுதினேன்:
நாடி எண்பத்துநாலு. சீராக உள்ளது.

விடிகாலை.
கேட் இறங்கியிருக்கிறது.
பர்வீனுக்கு மணலியில் வேலை, வேறு ஷிஃப்ட்.
ஆட்டோவில் யாரும் கை நீட்டவில்லை.
பெட்டிகளை எண்ணத் தொடங்கினேன்.
நாற்பத்தொன்றுவரை நினைவிருக்கிறது.